பாதியில நிக்கிற வண்டிக்கு என்ன விலை?

பிசான அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் கட்டியாச்சு. நெல்லு விலையைப் பத்தி எழுதணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒரு கார் விவகாரம் குறுக்க வந்துட்டு. ஒரு வாரம் தூக்கமில்லாம இதையே யோசிச்சதால முதல்ல இதை எழுதிடுறேன்.

சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் பலபேர் போன்ல என்கிட்ட கேக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணாச்சி, உங்க ஊர்ப்பக்கம் தொழுவத்துல பழைய கார் ஏதாவது கிடக்கா? கிராமத்து ரேட்டுக்கு முடிச்சுக் கொடுங்களேன்." கிராமத்து ரேட்டுன்னா என்னன்னு எனக்கு விளங்கினதே இல்ல. எங்க ஊர்ல அரிசியும் பெட்ரோலும் டவுன் ரேட்டுக்குத்தான் விக்குது. விக்கிறவனுக்கு விவரம் தெரியாதுங்கிறதுக்குத்தான் அப்படி ஒரு மரியாதையான பேரு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வர்றேன். விக்கிரமசிங்கபுரத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தாவ. பேரு வேண்டாம். பத்தாவது முடிச்சுட்டு நான் அம்பாசமுத்திரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்பில மூணு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனா நின்னேன். அப்ப எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவுகதான். அப்பாவுக்கு முடியாமப் போனதும் நான் வயலுக்குத் திரும்பிட்டேன். அவுக கடைசி வரைக்கும் அந்தத் தொழில்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுவலியில போயிட்டாவ. வீட்டுக்குப் பின்னால தொழுவத்துல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரிச்சுப் போட்டிருந்தாவ. 1970-ல பதிஞ்ச நாலு கதவு வண்டி. ஏழெட்டு வருஷமா ஓய்வு கிடைக்கிறப்ப எல்லாம் அதுல வேலை பார்த்தாவ. பாதியில நின்னுபோச்சு.

இளவட்டங்களுக்கு ஹெரால்டுன்னா தெரியாது. அம்பாசிடர் தெரியும், பியட் தெரியும். ஹெரால்டு நம்ம மெட்ராஸ் வண்டி. வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லருந்து செஞ்சது. இங்கிலாந்துக்காரன் வண்டி, உருவம் வரைஞ்சு கொடுத்தவர் மிக்கலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். 948 சிசி இஞ்சின். முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டா முன்னால சாயும். அப்படியே டயர் மேல உக்காந்துகிட்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். குறுகலான தெருவுலயும் ஒரே வெட்டுல திரும்பிரும். பிற்பாடு அதையே மாத்தி கெசல்னு ஒரு வண்டி விட்டாங்க. அதுவும் எழுபதுகளோட முடிஞ்சுபோச்சு. எங்க சின்ன வயசுல மில் ஆபீசர்களும் டாக்டர்களும் அதுல போறதை வாயைப் பிளந்து பார்த்திருக்கோம்.

என் தங்கச்சி மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். பொங்கலுக்கு வந்தவன் இந்த வண்டியப் பார்த்துட்டான். "மாமா, எனக்கு இது வேணும். நீங்க பேசி முடிங்க." எவ்வளவு வச்சிருக்கேன்னு கேட்டேன். நாலு லட்சம் சேத்து வச்சிருக்கானாம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வச்ச பணம். தங்கச்சிக்கு இது தெரியாது. (இப்ப தெரிஞ்சிருக்கும்.)

மைனிகிட்ட போய்க் கேட்டேன். "தம்பி, உங்க அண்ணன் இதுல ரெண்டு அறுபது போட்டிருக்காவ. கணக்கு இருக்கு. மூணு லட்சம் வந்தா கொடுத்திருவேன். பிள்ளைக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்டணும்" அப்படின்னாவ. மருமகன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "எண்பதாயிரத்துல ஆரம்பிங்க மாமா, அவங்களுக்கு ஹெரால்டு மதிப்பு தெரியாது" அப்படிங்கான். இடையில ஒரு பழைய இரும்புக்காரர் வந்து, எண்ணூறு கிலோ வரும், இருபத்திரெண்டாயிரம் தாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

மூணு லட்சம், எண்பதாயிரம், இருபத்திரெண்டாயிரம். ஒரே வண்டிதான். எது நியாயம்?

என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடுறேன். மூணுமே விலை இல்ல. போட்ட துட்டைக் கேக்கிறதும் விலை ஆகாது, ஆளு அசந்த நேரம் பார்த்து அடிக்கிறதும் விலை ஆகாது. வேலை முடியாம நிக்கிற எதுக்குமே, அதை முடிக்க இனி எவ்வளவு ஆகும், முடிஞ்சா எவ்வளவு பெறும்ங்கிற ரெண்டையும் வச்சுத்தான் விலை. வாழை வச்சவங்களுக்கு இது தெரியும். பாதி வளர்ந்த வாழைத் தோட்டத்த ஒருத்தர் கைமாத்தி விட்டா, "கன்னு வாங்க, குழி வெட்ட இவ்வளவு செலவழிச்சேன்"னு அவர் சொல்லுவாரு. வாங்குறவரு அதைக் கேட்டுக்கிடுவாரு, ஆனா கணக்குல எடுக்க மாட்டாரு. இன்னும் எத்தனை தடவை உரம் வைக்கணும், முட்டுக்கம்பு எவ்வளவு, காத்தடிச்சா எத்தனை சாயும், தார் என்ன விலை போவும், இதைத்தான் பார்ப்பாரு. வண்டிக்கும் அதே கணக்குதான்.

இப்படிச் சொல்ற எனக்கே இந்தப் புத்தி சும்மா வரல. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய மாசி 1035 டிராக்டரைப் பிரிச்ச நிலையில வாங்கினேன். நாலு சாக்கு நிறைய சாமான். "எல்லாம் இதுக்குள்ள இருக்கு, மாட்டுறதுதான் பாக்கி"ன்னு சொன்னாரு வித்தவரு. பொய்யும் சொல்லல, அவரும் அப்படித்தான் நம்பினாரு. மாட்ட உக்காந்தாதான் தெரிஞ்சது, ஹைட்ராலிக்ல பாதி சாமான் இல்ல. ஒடைஞ்ச சாமானா இருந்தா லேத்துல கொடுத்து அதைப் பார்த்துப் புதுசு செய்யலாம். இல்லாத சாமானை எதைப் பார்த்துச் செய்ய? சும்மா ஓடுற டிராக்டரை வாங்கியிருந்தா ஆகியிருக்கும் செலவைவிட முப்பதாயிரம் கூடுதல் ஆச்சு. ஒரு பிசானம் அடுத்தவன் டிராக்டருக்கு வாடகை கொடுத்துத்தான் உழுதேன்.

அதனால மருமகனைக் கூட்டிகிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அந்தத் தொழுவத்துல உக்காந்தேன். டார்ச்லைட், ஒரு திருப்புளி, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம். மேலப்பாளையம் சந்தையில மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாக்காம யாராவது துண்டுக்குள்ள கையை விடுவாங்களா?

முதல்ல அடிச்சட்டம். ஹெரால்டுக்கு சேஸ் தனி, பாடி தனி. பாடியே துண்டு துண்டா போல்ட் போட்டு நிக்கிறது. அதனால கழட்டி வேலை பார்க்க சுலபம். ஆனா சேஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் நீட்டிகிட்டு இருக்கிற கைகள்தான் பாடியத் தாங்குது. தண்ணி தேங்கித் துரு பிடிக்கிறது முதல்ல அங்கதான். திருப்புளியால குத்தினேன். இடது பக்கம் ரெண்டு இடத்துல பொதுக்குன்னு உள்ள போயிட்டு. மாட்டுத் தொழுவம் இரும்புக்கு எமன். மாட்டு மூத்திரமும் ஈரமும் சேர்ந்தா தகரம் அப்பளம் மாதிரி ஆயிரும். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில தரை காயுறதே கிடையாது. ஊர்ப்பக்கம் வண்டி வாங்க வர்ற டவுன்காரங்க "ஷெட்டுல நின்ன வண்டி"ன்னு கேட்டதும் சந்தோசப்படுறாங்க. எந்த ஷெட்டுன்னு கேளுங்க. கீழ சிமெண்டா, சாணித் தரையா? மேல வைக்கோல் அடைஞ்சிருந்தா எலி இருக்கும், எலி இருந்தா வைரிங் இருக்காது. இந்த வண்டியிலயும் இல்ல.

ஆத்தோரம் நின்ன வண்டின்னா இன்னொண்ணும் கேக்கணும். 2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளம் எவ்வளவு ஏறிச்சுன்னு நம்ம ஜில்லாக்காரங்களுக்கு மறக்காது. அந்த வாரம் வண்டி எங்க நின்னுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. இந்த வண்டி நின்ன இடம் மேடு, தண்ணி வரல.

அடுத்தது காந்தம். பிரைமர் அடிச்ச வண்டியப் பார்த்தா எல்லாருக்கும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி தோணும். எனக்குச் சந்தேகம்தான் வரும். சாம்பல் பிரைமருக்கு அடியில நல்ல தகரமும் இருக்கலாம், ஒரு இஞ்சு பட்டியும் இருக்கலாம். காந்தம் ஒட்டாத இடத்துல அடியில தகரம் கிடையாது. இங்க கதவு, டிக்கி எல்லாத்திலயும் கச்சிதமா ஒட்டுச்சு. அண்ணன் வேலை சுத்தம். கீழ்ப் பட்டையில மட்டும் ஒரு சாண் அளவுக்கு ஒட்டல.

இஞ்சின் கீழ இறக்கி ஒரு பலகை மேல இருந்தது. கிராங்க் சுத்துது. பிடிச்சுக் கிடக்கிற இஞ்சின்னா பிளக்கைக் கழட்டி மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ரெண்டு நாள் ஊற விட்டுப் பார்க்கணும், உடனே கம்பி போட்டுத் திருகக் கூடாது. ஏற்கெனவே எத்தனை தடவை போர் வாங்கியிருக்கு, கிராங்க் எத்தனை தடவை அரைச்சிருக்குன்னு தெரியணும். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையத் தாண்டின இஞ்சின் பார்க்கத்தான் இஞ்சின்.

மருமகன் இதையெல்லாம் போன்ல படம் பிடிச்சுகிட்டே இருந்தான். "ஆர்.சி. புக் எங்கலே?"ன்னு கேட்டேன். "அது அப்புறம் பாத்துக்கலாம் மாமா" அப்படின்னான். இங்கதான் படிச்ச பிள்ளைகள் விழுறாங்க.

புக் இல்லாத கார் சாமான் மூட்டைதான், வண்டி இல்ல. புக்குல உள்ள சேஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியில வெட்டியிருக்கிற நம்பரோட ஒத்துப் போகணும். பழைய காலத்துல கடன் போட்டு வாங்கின வண்டின்னா புக்குல கடன் கொடுத்தவன் பேரு நிக்கும். அந்தக் கம்பெனி மூடி நாப்பது வருஷம் ஆயிருக்கும், நோ அப்ஜெக்‌ஷன் யாரு கொடுப்பா? உடையவர் இறந்திருந்தா வாரிசு சான்று வேணும், எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க பதிவைப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணத்த 2022-ல காருக்கு அஞ்சாயிரம் ஆக்கினாங்க, 2025-ல இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் பத்தாயிரம் ஆக்கினாங்க. பசுமை வரி தனி.

இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தது. பதிஞ்சு அம்பது வருஷம் தாண்டின வண்டியா இருக்கணும், சேஸ், பாடி, இஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. பதிய இருபதாயிரம், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க அஞ்சாயிரம். ஆனா அந்த நம்பர் வாங்கினா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ரிப்பேருக்கு, பெட்ரோல் போடன்னு சில காரியத்துக்குத்தான் ரோட்டுல இறக்கலாம். "கல்யாணம் ஆனதும் பொண்டாட்டியக் கூட்டிகிட்டு பாபநாசம் மலைக்குப் போவேன்"னு கனவு காண்றவன் இதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் துட்டு கொடுக்கணும். மாட்டடார் டீசல் இஞ்சின் ஏத்தின அம்பாசிடரை விண்டேஜ்னு சொல்லி விக்க வந்தாலும் இதே விதி ஞாபகம் இருக்கட்டும்.

அம்பாசிடர்னதும் ஒரு விஷயம். 2014 வரைக்கும் செஞ்ச வண்டி அது. சாமான் இன்னும் கிடைக்குது, கை வச்சுப் பழகின மெக்கானிக்கும் இருக்காங்க. பாதியில நிக்கிற அம்பாசிடரையும் பாதியில நிக்கிற ஹெரால்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. அபூர்வமான வண்டின்னா விலை கூடங்கிறது முடிஞ்ச வண்டிக்குச் சரி. முடியாத வண்டிக்கு அபூர்வம்ங்கிறதே செலவு. ஒரு கண்ணாடிக்கு மூணு மாசம் அலையணும்.

மத்தியானம் மைனி போட்ட சோத்தைத் தின்னுட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு நோட்டுல எழுதினோம். மைனியையும் பக்கத்துல உக்கார வச்சேன். மருமகனுக்கு அது பிடிக்கல. எனக்கு அதுதான் முக்கியம். விக்கிறவங்களுக்குத் தெரியாத கணக்கை வச்சு விலை பேசுறது எனக்குச் சம்மதமில்ல. பேரம் பேசுறது வாங்குறவன் சாமர்த்தியம்னு சொல்லுவாங்க. சந்தையில ரெண்டு பக்கமும் மாட்டைத் தெரிஞ்சவன் நிக்கிறப்ப அது சாமர்த்தியம்தான். புருஷன் போன வீட்டுல வந்து அதைக் காட்டுறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.

வேலை முழுசா முடிஞ்ச ஹெரால்டுக்கு இப்ப நாலரை லட்சம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டோம். மதுரைப் பக்கம் ஒருத்தர் அஞ்சு கேக்காரு, கேக்கிறது வேற, கிடைக்கிறது வேற. இனி ஆகிற செலவு: சேஸ் கையும் தரைத் தகரமும் வெல்டிங் முப்பத்தஞ்சாயிரம். இஞ்சின் அறுபத்தஞ்சு. பெயிண்ட் எழுபத்தஞ்சு. பம்பர், குரோம் சாமான் இருபத்தஞ்சு. சீட்டும் உள் டாப்பும் நாப்பது. வைரிங், பேட்டரி பதினெட்டு. டயர் அஞ்சும் இருபது. பிரேக் பதினஞ்சு. கண்ணாடி, ரப்பர் பீடிங் இருபத்திரெண்டு. பேப்பர் வேலை இருபது. மொத்தம் மூணு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். நாலரையில அதைக் கழிச்சா ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரம் நிக்குது. இதுல தெரியாத செலவுக்குன்னு அஞ்சுல ஒரு பங்கு, அறுபத்தேழாயிரம் கழிச்சேன். மிச்சம் நாப்பத்தெட்டாயிரம்.

அந்த நம்பரைப் பார்த்ததும் மருமகன் முகம் மலர்ந்துட்டு. மைனி ஒண்ணுமே சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாவ. எனக்குச் சோறு தொண்டையில நின்ன மாதிரி இருந்தது. அண்ணன் ஏழெட்டு வருஷம் பார்த்த வேலை, எழுதி முடிச்சா நாப்பத்தெட்டு.

அழுறாவளோன்னு நினைச்சேன். திரும்பி வர்றப்ப மகளும் கூட வந்தா, ரெண்டுபேர் கையிலயும் ஒரு டிரங்குப் பெட்டி. "சித்தப்பா, இது பரண்ல இருந்தது. பேப்பர்காரருக்குப் போடலாம்னு அம்மா எடுத்து வச்சா." பெட்டிக்குள்ள பிரிக்காத பிஸ்டன் செட், பேரிங் செட், கண்ணாடி ரப்பர் ஒரு சுருள். அடியில ஒரு நீளமான நோட்டு. கழட்டின ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்டு, எந்த டப்பாவுல இருக்கு, எந்தப் பக்கம் மாட்டணும், போர் எத்தனையாவது சைஸ், கிராங்க் எவ்வளவு அரைச்சது, எல்லாம் எழுதியிருக்காவ. படம் கூட போட்டிருக்காவ. கூடவே ஆர்.சி. புக். பேரு அண்ணன் பேருதான், கடன் ஏதும் இல்ல. நம்பரைப் போய்ப் பார்த்தோம், ரெண்டும் ஒத்துப் போச்சு.

மறுபடி கணக்குப் போட்டேன். பிஸ்டனும் பேரிங்கும் இருபத்தெட்டாயிரம் செலவு மிச்சம். ரப்பர் ஒன்பதாயிரம். நோட்டு இருக்கிறதால தெரியாத செலவு அறுபத்தேழுல இருந்து நாப்பதாயிரத்துக்கு இறங்கிட்டு. அந்த ஒரு நோட்டு மட்டும் இருபத்தேழாயிரம் பெறும்னு நான் சொன்னதை மருமகன் நம்பல. என் டிராக்டர் சாக்குல இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தா முப்பதாயிரம் போயிருக்குமாலேன்னு கேட்டேன். ஆக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். என்னைக் கேட்டா அதுதான் அந்த வண்டியோட விலை. மைனி கேட்ட மூணு லட்சமும் கிடையாது, இவன் சொன்ன எண்பதும் கிடையாது.

"நானே லீவுல வந்து பாதி வேலை பார்த்துருவேன் மாமா, கூலிய ஏன் கணக்குல சேக்கிய?"ன்னு இன்னொரு கேள்வி கேட்டான். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸுல வந்து, ரெண்டு நாள்ல எத்தனை போல்ட் கழட்டுவே? அப்படியே பார்த்தாலும் உன் உழைப்பு உன்னோடது, அதுக்கு மைனி விலையைக் குறைச்சுக்கணும்னு இல்ல. ஆசைக்குச் செய்யுறதா இருந்தா ஆசைன்னு சொல்லி ஒத்துக்கோ. முடிச்சு வித்து லாபம் பார்ப்பேன்னு மட்டும் உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லாதேன்னுட்டேன். கையில இருக்கிற நாலு லட்சத்துல வண்டி போக மிச்சம் ரெண்டு எண்பத்தெட்டு. செலவு ரெண்டு தொண்ணூத்தெட்டு, அதுக்கு மேல அந்த நாப்பது. அம்பதாயிரம் இடிக்குது, வீட்டு அட்வான்ஸ் முழுசா போச்சு. அதையும் அந்த நோட்டுலயே எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க பேசாம இருந்தான். மறுநாள் காலையில அகஸ்தியர் அருவியில குளிச்சுட்டு வந்து, வாங்கத்தான் போறேன், ஆனா மூணு வருஷத்துல மெதுவா செய்யுறேன், வீட்டுக்கு வச்ச பணத்துல வண்டி விலைய மட்டும் எடுக்கேன்னான். அது அவன் பாடு, தங்கச்சி பாடு.

மைனி ஒரு லட்சத்துப் பதினஞ்சுன்னு சொன்னாவ. அந்த மூவாயிரத்துக்கு நான் வாயைத் திறக்கல. இப்ப பத்தாயிரம் அட்வான்ஸ், பத்திரத்தாள்ல எழுதி ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு காப்பி இருக்கு. வாரிசு சான்று வந்து புக் பேரு மாறுற அன்னைக்கு மிச்சம். சான்றுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அது வர்ற வரைக்கும் வண்டி அங்கதான் நிக்கணும். மாட்டைப் பக்கத்து வீட்டுத் தொழுவுல கட்டச் சொல்லிட்டு, கீழ நாலு செங்கல் வச்சு வண்டியத் தூக்கி நிறுத்தியிருக்கேன். இந்த வருஷப் படப்பையும் அந்தத் தொழுவத்துப் பக்கம் வைக்க வேண்டாம், எங்க களத்துலயே வச்சுக்கிடுங்கன்னு மைனிகிட்ட சொல்லியாச்சு.